கடலடிக் கோயிலும் விண்வெளிக் கப்பலும்



திருகோணமலையைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் அதன் துறைமுகத்தின் ஆழத்திலிருந்தே தொடங்குதல் வழக்கம். பெருங்கப்பல்கள் புயலுக்கு அஞ்சாது ஒதுங்கி நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் என்றும், அதனைக் கைக்கொள்ளுதற்குப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்போர் ஒருவர்பின் ஒருவராக வந்து பொருதனர் என்றும் கூறுவர். அவை உண்மையே. ஆயினும் யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. பேயும் தெய்வமும் மாயமும் நடமாடுகின்ற தொலைக்காட்சித் தொடர்களையும், விண்வெளிக் கப்பலும் வேற்றுலக மாந்தரும் தோன்றுகின்ற விஞ்ஞானத் தொடர்களையும் பார்ப்போர் அவற்றைப் பற்றிக் கூறுகின்ற தீர்ப்புக்களின் வரலாறே என் பொருள். இதற்கும் திருகோணமலைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அது கரையில் இல்லை, கடலடியில் இருக்கின்றது.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஆம் ஆண்டில் தொடங்கியது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15 ஆந் திகதி ரூபவாஹினி பிறந்தது. அதன் பின்னும் சில ஆண்டுகள் எங்கள் ஒழுங்கையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடு ஒன்றேயாகும். மாலை வேளையில் அயலார் அவ்வீட்டு விறாந்தையில் பாய் விரித்து அமர்வர். ஒரு நாள் விண்வெளிக் கதை ஒன்று காட்டப்பட்டது. மனிதர் ஒரு கருவியின்கீழ் நின்று மறைந்து, மறுகணம் வேறொரு கோளில் தோன்றினர். படம் முடிந்ததும் வழக்கம்போல வழக்காடு மன்றம் கூடிற்று. ஆசிரியர் ஒருவர், இது ஒருபொழுதும் நடவாது என்றார். துறைமுகத்திற் கடமையாற்றிய இளைஞர் ஒருவர், இன்று நடவாதது நாளையும் நடவாது என்று எவ்வாறு துணிவது என்று கேட்டார். மூலையில் இருந்த முதிய சுழியோடி ஒருவர் அப்பொழுது வாய் திறந்தார்.

“கடலுக்குள்ள கோயில் கிடக்குதெண்டு எங்கட அப்பு சொல்லேக்கையும் படிச்ச ஆக்கள் சிரிச்சவையள்தான். பிறகு வெள்ளைக்காரர் இறங்கிப் பார்த்துச் சொன்னாப்பிறகுதான் நம்பினவையள்” என்றார்.

அச்சொல்லில் ஏளனமும் இருந்தது. ஆறாத வருத்தமும் இருந்தது. அவர் குறித்த செய்தி யாது என்பதை முதலிற் கூறிவிடுகின்றேன்.

கடலை நோக்கிச் செங்குத்தாக 300 அடிக்கு மேல் எழுந்து நிற்பது கோணேசர் மலை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற திருத்தலம் அது. 1622 ஆம் ஆண்டென்று பெரும்பாலோர் கொள்ளும் காலத்தில், கொன்ஸ்தந்தீனு டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி அவ்வாலயத்தை இடித்தான். இடித்த கற்களைக் கொண்டு அதே மலையடிவாரத்தில் கோட்டை எழுப்பப்பட்டது. இன்று பிரெட்றிக் கோட்டை என வழங்குவது அதன் வழிவந்ததேயாகும். கோயில் மறைந்தது, வழிபாடு மறையவில்லை. கட்டடம் இல்லாத வெறும் பாறையின் விளிம்பில் நின்று, வெற்றிலையும் பழமும் பூவும் கடலில் இட்டு வணங்குகின்ற வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர் கண்டு எழுதியிருக்கின்றனர். எதிரே காண்பதற்கு ஒன்றும் இல்லை. கீழே கடல் மாத்திரம் உண்டு. அக்கடலினுள் கோயிலின் கூறுகள் கிடக்கின்றன என்று மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். கேட்டவர்களுள் கற்றோர் சிலர் அதனைக் கன்னபரம்பரைக் கதை என்று ஒதுக்கினர்.

1950 ஆம் ஆண்டில் கிணறு ஒன்று தோண்டியபொழுது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இடிப்பவர் கைக்கு எட்டாதவாறு அடியார்கள் எப்பொழுதோ புதைத்து வைத்தவை அவை எனக் கருதுவர். நிலம் தன் பங்கைத் திருப்பித் தந்துவிட்டது. கடலின் பங்கு அதற்கு ஆறு ஆண்டுகள் பின்னர் வந்தது.

1954 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவுஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று கொழும்பில் அரைநாள் தங்கிற்று. அதில் வந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அவ்வரைநாளிலேயே இத்தீவின்மீது காதல் கொண்டார் எனலாம். 1956 இல் திரும்பி வந்தவர், 2008 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆந் திகதி கொழும்பில் மறையும் வரை இதனையே தம் இல்லமாகக் கொண்டார். விஞ்ஞானப் புனைகதை எழுதுகின்ற ஒருவர் பவளப்பாறைகளுக்கிடையே நீந்துவதற்கு ஏன் வரவேண்டும்? நீருக்கடியில் மனிதன் தன் எடையை உணர்வதில்லை, விண்வெளியிலும் அவ்வாறே. இராக்கெற்று ஏறாமலே விண்ணுலகைத் துய்ப்பதற்கு உரிய எளிய வழி கடலில் மூழ்குதல் என்பது கிளார்க்கின் எண்ணம். பிற்காலத்தில் விண்வெளி வீரரைப் பெரிய நீர்த்தொட்டிகளில் இறக்கிப் பழக்கும் முறை ஏற்பட்டபொழுது, அவ்வெண்ணம் வெறுங் கற்பனையன்று என்பது தெளிவாயிற்று.

அவருடன் மைக் வில்சன் என்னும் ஆங்கில இளைஞரும், ரொட்னி ஜொங்க்லாஸ் என்னும் இலங்கைச் சுழியோடியும் கூடினர். 1956 இல் இக்குழுவினர் கோணேசர் மலையின் அடியில் மூழ்கினர். பாறைகளுக்கிடையே சதுரமாக வெட்டிய கற்கள் கிடந்தன, தூண்கள் கிடந்தன, உளிபட்ட வேலைப்பாடுகள் கிடந்தன. இயற்கை சதுரமாக வெட்டுவதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர் சொல்லிவந்த கதை, நீர்க்கமராவின்முன் கல்லாகி நின்றது. இச்செய்தியைக் கிளார்க் 1957 இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார்; ‘தப்ரபேனின் பவளப்பாறைகள்’ எனப் பொருள்படும் பெயர் கொண்டது அந்நூல். கடலிலிருந்து வில்சன் மீட்டதாகக் கூறப்படும் இலிங்கம் ஒன்று மலைமேலுள்ள ஆலயத்தில் இன்றும் வழிபடப்பெறுகின்றது. புதிதாக எழுப்பிய அவ்வாலயத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது 1963 இல்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை அழுத்திக் கூற விரும்புகின்றேன். கிளார்க் சமயப்பற்று இல்லாதவர். தமக்கு எந்தச் சமயச் சடங்கும் செய்யலாகாது என்று சொல்லிவைத்து மறைந்தவர். வில்சனோ 1962 இல் ‘ரன்முத்து தூவ’ என்னும் சிங்களத் திரைப்படத்தை இயக்கினார். சிங்களத்தில் முதல் வண்ணப்படம் அது. திருகோணமலைக் கடலடிப் புதையலே அதன் கரு; அதற்குப் பொருளுதவி செய்தோருள் கிளார்க்கும் ஒருவர். பின்னர் வில்சன் திரைப்படத்தையும் இல்லறத்தையும் துறந்து, சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் காவியுடுத்தார். ஒரே நீரில் மூழ்கி ஒரே கல்லைக் கண்ட இருவர். ஒருவர் அதில் வரலாற்றைக் கண்டார். மற்றவர் அதில் இறைவனைக் கண்டார். எங்கள் விறாந்தையில் நாள்தோறும் நிகழ்ந்த வழக்கு, அவ்விரு நண்பர்களின் வாழ்க்கையிலேயே முன்னர் நிகழ்ந்துவிட்டது.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். பூமியின் சுழற்சிக்கு ஒத்த வேகத்தில் நடுக்கோட்டின்மேல் செய்மதிகளை நிறுத்தினால், மூன்றே மூன்றைக் கொண்டு உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் ஒரு வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் எழுதியவர் இதே கிளார்க். முப்பது ஆண்டுகளின் பின், 1975 இல், அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணையுடன் இந்தியா தன் கிராமங்கள் பலவற்றுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பும் பரிசோதனையை நடத்தியபொழுது, இந்தியப் பொறியியலாளர் கொழும்பில் அவருடைய இல்லத்தில் ஓர் ஏற்பிக் கிண்ணத்தை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத நாள் அது. தாம் கனவு கண்ட பொருளைத் தம் வீட்டிலேயே அமர்ந்து பார்க்கும் பேறு கதாசிரியர்களுள் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

1980 ஆம் ஆண்டில் பிரித்தானிய யோக்ஷயர் தொலைக்காட்சி, கிளார்க்கை முன்னிறுத்தி உலக மருமங்களைப் பற்றிய தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. பதின்மூன்று பகுதிகள். ஏரியில் வாழும் விலங்கு, பனிமலை மனிதன், வானத்திலிருந்து மீன் பொழிதல், பறக்குந் தட்டு, 1908 இல் சைபீரியக் காட்டைச் சாய்த்த பெருவெடிப்பு என்று பொருள்கள் பலவாயின. இலங்கைக் கடற்கரையில் நின்றபடி கிளார்க் அவற்றை அறிமுகஞ் செய்வார். பேய்க்கதை கேட்கும் சுவையை நாடிப் பலர் அதனைப் பார்த்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்தொடரின் அடிப்படையில் ஒரு பகுப்பு இருந்தது. மருமங்களை அவர் மூன்று வகையாக்கினார். முன்னோர்க்கு விளங்காது இன்று நமக்கு நன்கு விளங்கிவிட்டவை முதல் வகை. இன்னும் விளங்காவிடினும் தடயங்கள் இருப்பதால் ஒரு நாள் விளங்கக்கூடியவை இரண்டாம் வகை. எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடமளிக்காதவை மூன்றாம் வகை. நம்புவதா நம்பாதிருப்பதா என்ற இரண்டே வாயில்கள் இருந்த மன்றத்தில் மூன்றாவது வாயிலைத் திறந்து வைத்தமையே அத்தொடரின் சிறப்பு என்பேன்.

இப்பகுப்பை நம் மாவட்டத்திலேயே பொருத்திப் பார்த்தல் சுவையானது.

நகரத்துக்கு வடமேற்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு இல்லை. தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்த நீர் பெருகிற்று என்பது ஐதிகம். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்குச் சென்று, அங்குள்ள வெப்பத்தாற் சூடேறி மேலே திரும்புகின்றது என்பது நிலநூலார் விளக்கம். இத்தீவில் எரிமலை இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. ஆகவே இது முதல் வகை. ஆனால், விளக்கம் கிடைத்தமையால் அங்கு அந்தியேட்டிக் கிரியை செய்வோர் வருதல் நின்றுவிடவில்லை. நீர் ஏன் சுடுகின்றது என்பது ஒரு வினா. இறந்தவர்க்காக நான் ஏன் அங்கு நீராடுகின்றேன் என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கூறியவர், பின்னதற்கும் தாமே விடை கூறிவிட்டதாக எண்ணுதல் தவறு. விஞ்ஞானத் தொடர்களை விரும்புவோர் பலர் இத்தவற்றைச் செய்கின்றனர்.

கடலடிக் கோயில் இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்குப் பாதி தூரம் வந்துவிட்டது. கற்கள் உள, ஐயமில்லை. அவை அங்கே சென்றது எவ்வாறு? இடித்தவர் உருட்டி வீழ்த்தினரா, மலைச்சரிவோடு இறங்கினவா? அவ்வழக்கு முடியவில்லை.

கோட்டை வாயிலிற் பதித்த கல்லொன்றில் இணைக்கயலும் சிதைந்த தமிழெழுத்துக்களும் உள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கியர் அழிப்பர் என்று முன்கூட்டியே உரைத்த வாசகம் அது என மக்கள் நம்புவர். எதிர்காலத்தைக் கண்ட ஒருவரின் கதை! இதற்கு நிகரான கதைகள் இன்றைய தொலைக்காட்சித் தொடர்களில் எத்தனையோ உள. என் கருத்தைக் கேட்பின், நிகழ்ந்த பின்னர் எழுந்த பாட்டு முன்னறிவிப்பின் உருவங் கொண்டதென்றே கூறுவேன். கோயில் இழந்த மக்கள், இதுவும் முன்பே அறியப்பட்டது, இறைவன் அறியாமல் நிகழ்ந்ததன்று என்று தம்மைத் தேற்றிக்கொண்டனர் போலும். இவ்வாறு கூறுவதால் அக்கல்லின் பெருமை குறையாது. இடித்தவன் கட்டிய சுவரிலேயே இடிபட்டவரின் எழுத்து நின்று பேசுகின்றது என்பதைக் காட்டிலும் வியப்பான கதையை எந்தத் தொடர் கூறிவிடும்?

துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதையும் இங்கே குறிக்கலாம். உலகிலுள்ள பெரிய கடலடிப் பள்ளத்தாக்குக்களுள் ஒன்று அது. நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் கரைக்கு அணித்தே காணப்படுவது அதனால். ஆழ்கடல் அரக்கரைப் பற்றிய பகுதி ஒன்று கிளார்க்கின் தொடரிலும் இருந்தது. அது ஒளிபரப்பாகியபொழுது பெருங்கணவாயை அதன் ஆழ்கடல் உறைவிடத்தில் உயிருடன் எவரும் படம்பிடித்ததில்லை. 2004 இல் யப்பானிய அறிஞர் அதனைப் படம்பிடித்தனர். மாலுமிகளின் கட்டுக்கதை எனப்பட்டது மற்றொன்றும் இவ்வாறு கல்வியின் எல்லைக்குள் வந்து சேர்ந்தது.

பார்ப்போர் கேட்போர் தீர்ப்பு எத்துணை வலிமையுடையது என்பதற்கு வெளியுலகிலிருந்து சில செய்திகள் கூறுகின்றேன். வானொலி நேயர்களாகிய உங்களிடமிருந்தே தொடங்குதல் முறை. 1938 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி அமெரிக்காவில் ஓர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கோளினர் படையெடுக்கும் நாடகத்தைச் செய்தி அறிக்கை போல ஒலிபரப்பினார். நாடே அஞ்சி ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அவ்வச்சம் பத்திரிகைகள் பெருக்கிக் காட்டியவாறு அத்துணை பெரிதன்று என்பது பிற்கால ஆராய்ச்சி. கேட்போரைப் பேதையர் எனக் காட்டுவதில் எழுதுவோர்க்கு ஓர் இன்பம் இருந்திருக்கின்றது. ஆனால், 1949 இல் தென்னமெரிக்காவின் கீற்றோ நகரத்து வானொலி அதே கதையை ஒலிபரப்பியபொழுது நிகழ்ந்தது விளையாட்டன்று. தாம் ஏமாற்றப்பட்டதை அறிந்த கூட்டம் நிலையக் கட்டடத்திற்குத் தீ வைத்தது, உயிர்கள் பலியாயின. அம்மக்கள் சினந்தது வேற்றுலக மாந்தரின் கதைக்காகவன்று. கதையென்று கூறாமல் கூறியதற்காக. இக்குறிப்பை நிகழ்ச்சி அமைப்போர் மறத்தலாகாது.

அமெரிக்காவில் 1966 இல் தொடங்கிய ‘ஸ்ரார் ட்ரெக்’ என்னும் விண்வெளித் தொடரின் கதை வேறு. அதனை ஆக்கிய ஜீன் ரொடன்பெரி, கிளார்க்கின் எழுத்துக்களால் தாம் பெற்ற துணையை நன்றியோடு கூறியவர். இரண்டாம் ஆண்டின் இறுதியில் தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தது. பார்ப்போர் கடிதம் எழுதினர். நூறல்ல, ஆயிரமல்ல, ஓர் இலட்சத்துக்கும் மேல். மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றனர். 1968 இல் தொடர் நீடிக்கும் என்று நிலையத்தார் ஒளிபரப்பிலேயே அறிவிக்க நேர்ந்தது. அது மேலும் ஓராண்டே நடந்து 1969 இல் 79 பகுதிகளுடன் முடிந்தபோதும், இரசிகர் ஓயவில்லை. 1976 இல் அமெரிக்கா தன் முதல் விண்ணோடத்துக்கு வேறு பெயர் சூட்ட எண்ணியிருக்க, இவர்கள் எழுதிய கடிதங்களின் விளைவாக அக்கதைக் கப்பலின் பெயராகிய ‘என்ரப்பிரைஸ்’ சூட்டப்பட்டது.

எங்கள் ஒழுங்கையில் வழக்குக்குக் காரணமான மறைந்து தோன்றும் கருவியும் இத்தொடரால் உலகறிந்ததே. அதனை எந்த விஞ்ஞானியும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு வாரமும் கப்பல் ஒரு கோளில் இறங்குவதைப் படம்பிடிக்கப் பணம் போதாமையால் ஆக்கியோர் கண்ட சிக்கன வழி அது. அதன் நடைமுறை பற்றி அறுபது ஆண்டுகளாக அறிஞரும் இரசிகரும் வாதாடுகின்றனர். எங்கள் ஆசிரியருக்கும் இது தெரிந்திருப்பின் வாதத்தைச் சற்றுத் தணித்திருப்பார்.

ஆங்கில நாட்டில் பிபிசி 1963 இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்னும் காலப்பயணத் தொடரைப் பற்றிய செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. அக்காலத்தில் ஒளிநாடாக்கள் விலையுயர்ந்தவை. பழைய பகுதிகளை எவர் மீண்டும் பார்க்கப்போகின்றனர் என்று எண்ணி, நிலையத்தார் அவற்றுட் பலவற்றை அழித்துவிட்டனர். ஆனால், வீடுகளில் இருந்த சிறுவரும் இளைஞரும் தொலைக்காட்சியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, ஒவ்வொரு வாரமும் ஒலியைப் பதிந்து வைத்திருந்தனர். படம் அழிந்த பகுதிகள் அனைத்துக்கும் ஒலி இன்று கிடைக்கின்றது. அன்பர்களே, நிலையம் அழித்ததை நேயர் காத்தனர். இதனைப் படித்தபொழுது, 1950 இல் மண்ணிலிருந்து எழுந்த கோணேச்சரத் திருமேனிகள் என் நினைவுக்கு வந்தன. திருமேனியையும் கேளிக்கைத் தொடரையும் ஒப்பிடலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பொருளின் பெருமையை நான் ஒப்பிடவில்லை. மறைத்துக் காத்த கைகளையே ஒப்பிடுகின்றேன்.

நம் மொழிக்கு வருவோம். 1990களில் சென்னையிலிருந்து ஒளிபரப்பாகிய ‘மர்மதேசம்’ என்னும் தொடர்வரிசை, கடல் கடந்தும் தமிழ் இல்லங்களில் பேசப்பட்டது. எழுதியவர் 2024 இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. அவற்றுள் ‘விடாது கருப்பு’ என்னும் கதையில், காவல் தெய்வமாகிய கருப்பசாமி குதிரையேறி வந்து குற்றவாளிகளைத் தண்டிப்பதாக ஓர் ஊரே நம்புகின்றது. கதை முற்றும்பொழுது மனநோய் மருத்துவத்தின் வழியாக விளக்கம் வருகின்றது. ஆயினும் தெய்வத்துக்கு உரிய இடம் முழுவதும் பறிக்கப்படவில்லை. இம்முடிவைப் பற்றிப் பார்ப்போரிடையே எழுந்த கருத்துக்கள் மூன்று வகைப்பட்டன. இத்துணை அச்சமூட்டிவிட்டு இறுதியில் நோய் என்று கூறுவது ஏமாற்று என்றனர் ஒரு சாரார். மூடநம்பிக்கையை வளர்க்காது விட்டமையைப் பாராட்டினர் மற்றொரு சாரார். இரண்டுக்கும் இடம்விட்டு எழுதியவரின் மதிநுட்பத்தை மெச்சினர் எஞ்சியோர். நான் மூன்றாம் சாராரோடு நிற்பவன். எனினும் முதற் சாராரின் முறைப்பாட்டில் நியாயம் உண்டு. பல தொடர்கள் விளக்கம் கூறும் பொறுப்பைக் கடைசி நாளுக்கு ஒத்திவைத்து, அன்று ஏதோ ஒரு மருத்துவரை அழைத்து வந்து நிறுத்திவிடுகின்றன. தடயங்களை முன்னரே தூவி வைத்தல் வேண்டும். கிளார்க்கின் இரண்டாம் வகைக்கு உரிய நெறி அதுவேயன்றோ?

விஞ்ஞானக் கதைகளில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தூரதர்ஷனில் தொடராக வந்தது. அதிலுள்ள ஜீனோ என்னும் இயந்திர நாயை நேசித்த சிறுவர், அக்கதையின் அரசியலை நோக்கியிருக்கமாட்டார்கள். கதை நிகழ்வதாகச் சொல்லப்பட்ட ஆண்டுகள் இப்பொழுது கடந்தும்விட்டன. இயந்திரம் மனிதனோடு உரையாடும் பகுதியே அக்காலத்தில் நடவாதது எனப்பட்டது. இன்று அதுவே நடந்திருக்கின்றது. தமிழிலே பேய்த்தொடர்கள் பெருகிய அளவுக்கு விஞ்ஞானத் தொடர்கள் பெருகாமை வருந்தத்தக்கது. செலவு மிகுதி என்பர். செலவின்றியே மறைந்து தோன்றும் கருவி கண்டவரை முன்னரே குறித்தேன்.

எங்கள் ஒழுங்கை விறாந்தைக்குத் திரும்புகின்றேன். அன்றைய வழக்கு முடிந்து எல்லோரும் எழுந்தபொழுது, நான் அம்முதியவருக்குப் பின்னாற் சென்றேன். அப்பொழுது எனக்குப் பள்ளி வயது. கோணேசர் மலையில், தாயின் பொருட்டு மலையையே பெயர்க்க முயன்ற இராவணன் வாள் பட்டதால் உண்டானது என்று சொல்லப்படும் பிளவு, இராவணன் வெட்டு, உங்களுக்குத் தெரியும். பாறை பிளந்தது இயற்கையால் என்று அன்று வகுப்பிற் படித்திருந்தேன். கடலடிக் கோயிலைப் பற்றி அவர் சொன்னது உண்மையென்றால், இதுவும் உண்மையா என்று அவரிடம் கேட்டேன்.

அவர் சிறிது நேரம் நடந்தார். படலையைத் திறக்குமுன் திரும்பி நின்றார்.

“தம்பி, கடலுக்குள்ள கிடக்கிற கல்லை நான் கையாலை தொட்டனான். அந்த வாளை ஒருத்தரும் தொடேல்லை” என்றார். பின்னர் படலையைச் சாத்திக்கொண்டே, “ஆனா வெட்டு இருக்குது” என்றார்.